அம்மம்மாவின் சேலைகள்: வெட்டி ஒட்டுவதா, அடுக்கித் தைப்பதா?

ஒரு மூத்த பெண் காலமானபின் யாழ்ப்பாணத்து வீடுகளில் மிஞ்சுவது ஒரு றங்குப்பெட்டியும் அதற்குள் மடித்துவைத்த சேலைகளும். கூறைச்சேலையும் பட்டுகளும் மகள்மார், மருமக்கள் என்று பங்காகிவிடும். அடியில் கிடக்கும் நூல்சேலைகளுக்குத்தான் வழி தெரிவதில்லை. கட்டுவாரில்லை, எறிய மனமும் வராது. அந்தியேட்டி முடிந்து வெளிநாட்டுச் சொந்தங்கள் பயணம் சொல்லும் நேரத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "உந்தச் சீலையளை என்ன செய்யப் போறியள்?"

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள், பிள்ளைத்தாச்சியாக இருக்கும் தன் தங்கச்சிக்காக அப்பம்மாவின் (எனக்கு அம்மம்மா) சேலைகளில் ஒரு போர்வை தைத்துத் தரமுடியுமா என்றாள். அங்கே சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டிய போர்வைகளை அவள் கண்டிருக்கிறாள். சின்னம்மாவுக்கோ அந்தச் சேலைகளில் கத்தரிக்கோல் வைப்பதே பிடிக்கவில்லை. "அம்மா உடுத்தின சீலையைத் துண்டுதுண்டா வெட்டிறதோ பிள்ளை?" என்றா. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இதே நிலையில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கும் என்பதால் உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த மண்ணில் படுத்துறங்கும் ஒருவருக்கென்றால், வெட்டாமல் அடுக்கிக் கையால் தைப்பதுதான் நல்லது. பனி கொட்டும் ஊருக்கென்றால் மெசினும் நடுவில் ஒரு பஞ்சுத் தகடும் வேண்டியிருக்கும். ஆனால் அங்கேயும் சேலையைப் பொடிச் சதுரங்களாக நறுக்காமல், பார்த்தவுடன் இது எந்தச் சேலை என்று அடையாளம் தெரியும் அளவுக்குப் பெரிய துண்டுகளாக விடவேண்டும்.

அடுக்கித் தைப்பது

வழமையான சேலை ஐந்தரை மீற்றர் நீளம், ஏறக்குறைய 1.15 மீற்றர் அகலம். நீளப்பாட்டை இரண்டாக மடித்தால் 2.75 மீற்றர் நீளத்தில் இரண்டு படை கிடைக்கும். மூன்று சேலைகளை அப்படி மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் ஆறு படை. ஒருவருக்கு அது தாராளம். மிஞ்சும் நீளத்தைத் தலைமாட்டில் மடித்துவிடலாம். நிறம் நின்ற சேலைகள் மேலும் கீழும் வரட்டும், நைந்தது நடுவில் போகட்டும். வெட்டவேண்டியது ஒன்றுமில்லை. சின்னம்மாவின் மனக்குறைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பிறகு நிலத்தில் பாயை விரித்து, அதன்மேல் அடுக்கைச் சுருக்கமில்லாமல் நீவி, நாலு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சுருக்கக்கூடாது. அடுக்கு ஒருமுறை நழுவினால் கடைசிவரை நழுவிக்கொண்டே இருக்கும். அதன்பின் சாதாரண நூலோட்டம்தான். ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஒரு கரையிலிருந்து மறு கரைவரை.

எவ்வளவு வேலை என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 5 சென்ரிமீற்றருக்கு ஒரு வரி என்றால் 1.15 மீற்றர் அகலத்துக்கு 23 வரி, மொத்தம் 63 மீற்றர் தையல். வரிகளை 2.5 சென்ரிமீற்றருக்கு நெருக்கினால் அது இரட்டிப்பாகி 125 மீற்றரைத் தாண்டும். துணிக்கு எது நல்லது என்றால் நெருக்கமான வரிதான். துணி எவ்வளவு நைந்ததோ அவ்வளவு நெருக்கமாகத் தையல் விழவேண்டும். பழைய இழைகளைப் பிடித்துவைப்பது அந்த நூல்தான்.

வங்காளத்தின் காந்தா இப்படித்தான் பிறந்தது. பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, அதாலேயே தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி வேறு மாதிரி. வெளிக்கரையில் தொடங்கி, துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருவார்கள். அடிமட்டமும் இல்லை, அளவும் இல்லை. கையில் நைந்த துண்டுகள் மட்டும் இருப்பவர்களுக்கு அந்த முறை பொருந்தும். முழுச்சேலை இருப்பவர்களுக்குக் காந்தாவின் நேர்வரி போதும்.

எங்கள் வீட்டில் இதற்கு அடுக்குச்சீலை என்று பெயர். ஏணைக்குள் விரிக்க ஒன்று, பிள்ளை தவழும்போது நிலத்தில் போட ஒன்று, மார்கழிப் பனிக்கு மூடிக்கொள்ள ஒன்று என்று அம்மம்மா தைத்துக்கொண்டே இருந்தா. தொண்ணூறாம் ஆண்டு மின்சாரம் நின்றுபோனபின் இரவுத் தையல் ஜாம்போத்தல் விளக்கில்தான். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஆகவே நாங்கள் படிக்கிற அதே விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கொப்பிகள், மறுபக்கம் அம்மம்மாவின் மடியில் சேலை. போர்வையின் மற்றக் கரை எங்கள் கால்மேல் கிடக்கும். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது என் வேலை. கண் தெரியாததால் கேட்கிறா என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் தானே கோர்க்கக்கூடியவ, நான் தூங்கிவிடாமல் இருக்கத்தான் என்னைக் கூப்பிட்டா என்று அம்மா பின்னாளில் சொன்னா.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்கள் துணிகளைக் கட்டியதும் ஓர் அடுக்குச்சீலையில்தான். மற்றத் துணி எதுவும் அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்காது. சாவகச்சேரியில் முன்பின் தெரியாதவர்கள் இடம் கொடுத்த விறாந்தையில் அதை அவிழ்த்து விரித்து, நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் குறுக்காகப் படுத்தோம். கோடாலித் தைலமும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த மணம் அதில் இருந்தது. இன்றைக்கும் எனக்கு வீடு என்றால் அந்த மணம்தான். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாள் இல்லை என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த ஊருக்கு அடுக்குச்சீலையே பொருந்தும். முதல் காரணம் காலநிலை. இங்கே மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பம் பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அதற்குப் பஞ்சு வைத்த போர்வை தேவையில்லை, மூடினால் வியர்க்கும். இரண்டாவது காரணம் தண்ணீர், இதைப் பலர் யோசிப்பதில்லை. வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுபவை. அந்தக் கடினநீரில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் திரைந்து துணியில் ஒட்டும். மெல்லிய படைகளில் ஒட்டியதை அலசி எடுத்துவிடலாம். தடித்த பஞ்சுக்குள் புகுந்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது, காய்ந்தபின் போர்வை மொரமொரப்பாகிவிடும். மூன்றாவது உலர்த்தல். ஆறுபடை நூல்துணி ஒரு நல்ல வெயிலில் காயும். பஞ்சுப் போர்வை மாரியில் நனைந்தால் பூஞ்சணம்தான்.

வெட்டி ஒட்டுவது

ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எல்லாரையும் அதில் சேர்க்கலாம். அம்மம்மாவின் சேலை, அப்புவின் சாரம், அம்மா சின்ன வயதில் போட்ட சீத்தைப் பாவாடை, தம்பியின் பள்ளிக்கூடச் சேட்டு எல்லாம் ஒரே போர்வையில் வரும். அடுக்குச்சீலையில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு சேலைதான் கண்ணுக்குத் தெரியும், மற்றதெல்லாம் உள்ளே மறைந்துபோகும். குடும்பம் முழுவதையும் கண்ணால் காணவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு மச்சாள் கேட்ட வழியே சரி.

ஆனால் இதன் கணக்கு வேறு. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளத்துக்கு ஐந்து அங்குலச் சதுரங்கள் என்றால் 12க்கு 16, அதாவது 192 துண்டுகள். தையலுக்குச் சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்டவேண்டும். ஆக, வெட்டிய துணியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தையலுக்குள்ளேயே போய்விடுகிறது. புதுத்துணி என்றால் பரவாயில்லை. அம்மம்மாவின் சேலையில் அவ்வளவு ஒளிந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, பழைய துணி தையல் ஓரத்தில்தான் கிழியும். நைந்த வோயில் சேலைத் துண்டு ஒன்றின் பக்கத்தில் புதிய, இறுக்கமாக நெய்த துணியை வைத்துத் தைத்தால், துவைக்கும்போது புதியது இழுக்கும், பழையது விட்டுக்கொடுக்கும். கூடவே, துவைக்காத புதுத்துணி முதல் தண்ணீரிலேயே சுருங்கும். எத்தனையோ தண்ணீர் கண்ட சேலை இனிச் சுருங்காது. அதனால் புதுத்துணி சேர்ப்பதென்றால் முதலில் ஊறவைத்துக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும்.

சேலையின் எல்லாப் பகுதியும் ஒரே வலிமையில் இருக்காது. இருந்து எழும்பும் இடமும், நிலத்தில் தேய்ந்த கொய்யகத்தின் கீழ்க்கரையும் முதலில் நையும். தலைப்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும். சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழு நீளத்தையும் ஒருமுறை பாருங்கள். சல்லடைபோல் வெளிச்சம் தெரியும் இடத்தை வெட்டாதீர்கள். விட்டுவிட மனமில்லாவிட்டால் அதன் அடியில் மெல்லிய வெள்ளை வோயில் ஒன்றைப் பிடித்துச் சேர்த்துத் தைக்கலாம். செம்பு நிறம், மெரூன், கடுநீலக் கைத்தறிச் சேலைகள் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாயம் விடுவதை வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தால் முதல் துவையலோடு எல்லாம் கெட்டுவிடும்.

நூலுக்கும் ஒரு விதி இருக்கிறது, அடுக்கித் தைப்பதற்கும் இதே விதிதான். இழுவை வரும்போது துணிக்கு முன் நூல் அறவேண்டும். அறுந்த நூலை மறுபடி ஓடலாம், அறுந்த சேலையை ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே பொலியெஸ்ரர் நூலை விடுத்துப் பருத்தி நூல் வாங்குங்கள். மெசினில் ஒற்றைப் படைத் துண்டுகளை இணைக்க 11 இலக்க ஊசி, எல்லாப் படைகளையும் சேர்த்து ஓட 14.

மெசினுக்கு யாரும் அலையவேண்டியதில்லை. சிங்கர் 1877இலிருந்து இலங்கையில் இருக்கிறது. பல வீடுகளில் பாட்டி காலத்துக் கறுப்புக் கால் மெசின் இன்னும் மூலையில் கிடக்கும். அது நேர்த்தையல் ஒன்றுதான் போடும், ஆனால் தடித்த அடுக்குகளில் அது ஓடுகிற மாதிரிப் பல புது மெசின்கள் ஓடாது. எண்ணெய் விட்டு, வார்ப்பட்டியை மாற்றிப் பாருங்கள்.

நடுவில் எதை வைப்பது என்பதில் இங்கே பலர் இலவம்பஞ்சை நினைப்பார்கள். தலையணைக்கு அது அருமை. போர்வைக்கு வேண்டாம். அதன் இழை குட்டையானது, ஒன்றோடொன்று பிடிக்காது, ஓடி ஓடி ஒரு மூலையில் திரளும், துவைக்கவும் முடியாது. பொலியெஸ்ரர் பஞ்சுத் தகடு இலேசானது, சூடு பிடிக்கும், கெதியாகக் காயும். பருத்தித் தகடு பாரம், ஆனால் உடம்புக்குச் சுகம். வீட்டுக்குள் சூடேற்றி வைத்திருக்கும் கனடாவில் மெல்லிய பருத்தித் தகடே போதும் என்று மச்சாளே சொன்னாள். ஒரு பழைய கம்பளிப் போர்வையை நடுவில் வைத்தாலும் வேலை நடக்கும்.

துண்டுகளின் அளவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு ஊர். கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைக்கும் ஊர். அங்கே மிசோரி பெற்வே என்ற பெண், கணவர் இறந்தபின் அவர் வயலுக்குப் போட்ட உடுப்புகளை வெட்டி 1942இல் ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. மிசோரி அந்த உடுப்புகளைப் பூப்பூவாக நறுக்கவில்லை. நீள்பட்டிகளாகவும் பெரிய கட்டங்களாகவும் விட்டார். வெயிலில் வெளிறிய இடம், கறை, தேய்வு எல்லாம் தெரிகிறது. ஒரு மனிதர் போட்டு உழைத்த உடுப்பு என்பது அதைப் பார்த்தவுடன் விளங்கும். ஐந்து அங்குலச் சதுரத்தில் அம்மம்மாவின் சேலை வெறும் நீலத்துணி ஆகிவிடும். ஓரடி அகலப் பட்டியாக, கரையோடு விட்டால், அது அவ கோயிலுக்கு உடுத்தின நீலச்சேலை. வேலையும் பாதியாகக் குறையும்.

தையற்காரரிடம் கொடுப்பது, அப்படியே வைத்திருப்பது

நேரமில்லாதவர்களுக்குத் தையற்காரர் ஒரு வழி. யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கமும், சுன்னாகம், நெல்லியடி போன்ற இடங்களிலும் கேட்டால் மெசினில் ஓடிக்கொடுப்பார்கள். சட்டை, சாரி பிளவுஸ் தைப்பவருக்கு இந்த வேலை பழக்கமில்லை என்பதால் அடுக்கை நீங்களே தற்காலிகத் தையல் போட்டு, வரிகளைச் சோக்கால் கீறிக் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் நன்றாக வரும். சேலையை மட்டும் நீட்டிவிட்டு வந்தால் அவர் தனக்கு வசதியான விதத்தில்தான் வெட்டுவார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கையால் தைக்க முடியாத வயதில் இருக்கும் பெரியம்மாமாருக்கு இது நல்ல ஏற்பாடு.

அப்படியே வைத்திருப்பது கூறைச்சேலைக்கும் சரிகைப் பட்டுக்கும் மட்டுமே பொருந்தும். அவற்றை ஒருநாளும் போர்வைக்கு எடுக்கவேண்டாம். மடிப்பை அடிக்கடி மாற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தால் நெடுங்காலம் நிற்கும், ஒரே மடிப்பில் விட்டால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். நூல்சேலை பெட்டிக்குள் கிடந்தால் பூச்சிக்குத்தான் தீனி. பெட்டியில் பத்திரமாகக் கிடக்கும் சேலையை எந்தப் பேரப்பிள்ளையும் கட்டிப்பிடித்துத் தூங்கப்போவதில்லை. சின்னம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான். அவ அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்தநாள் காலையில் தானே றங்குப்பெட்டியைத் திறந்து, தான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அம்மம்மா பார்க்க வந்த சேலை எது என்று தேடி எடுத்துத் தந்தா.

கைக்குழந்தைக்கு என்றால்

இதைத் தனியாகச் சொல்லவேண்டும். இங்கே பிறந்த பிள்ளையை அடுக்குச்சீலையில் கிடத்தி மூடுவது நம் வழக்கம். கனடாவில் சுகாதாரத் துறையினர் முதல் ஒரு வயதுவரை பிள்ளையின் கட்டிலில் போர்வை, தலையணை எதுவும் வைக்கவேண்டாம் என்கிறார்கள். முகத்தை மூடி மூச்சுத் திணறக்கூடும் என்பதே காரணம். அந்த ஆலோசனை நியாயமானது, நாமும் கேட்கவேண்டியது. அதனால் போர்வை அனுப்பக்கூடாது என்றில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நிலத்தில் விரித்துப் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி விளையாடவிட அதைவிட நல்லது கிடைக்காது. அப்படியென்றால் சதுரமாக, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் அளவில், பஞ்சில்லாமல் நாலைந்து படையில் தைத்தால் போதும். மணி, பொத்தான், கண்ணாடி எதுவும் வைக்காதீர்கள். தையலும் நெருக்கமாக இருக்கட்டும், நீளமாக விட்ட நூலில் சின்ன விரல் சிக்கும்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இது. ரொறன்ரோப் பிள்ளைக்கு வெட்டாத ஒரு சின்ன அடுக்குச்சீலை, நிலத்தில் விரிக்க. மச்சாளின் வீட்டுக் குளிருக்கு மெல்லிய பருத்தித் தகடு வைத்து, ஓரடிப் பட்டிகளாக, அம்மம்மாவின் சேலைகளோடு அப்புவின் சாரமும் சேர்த்து மெசினில் ஒன்று. இங்கே எங்களுக்கு ஆறுபடையில் ஒன்று. இந்தக் கடைசியைச் சின்னம்மா, அம்மா, என் மகள் மூவரும் ஆளுக்கொரு கரையில் இருந்து தைக்கிறார்கள். மகளின் தையல் கோணல்தான். பிரிக்கச் சொல்லவில்லை, யார் கை என்று தெரியட்டும்.

தொடங்க எண்ணுபவர்களுக்குக் காலம் பற்றி ஒரு வார்த்தை. மாரி முடிந்து, பனி விட்டபின், மாசியில் சேலைகளைத் துவைத்துக் காயவைத்துத் தெரிந்தெடுங்கள். வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் விறாந்தையில் இருந்து தைக்கலாம். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது முதல் துவையல் போட்டால் பொழுதுபடுமுன் காய்ந்துவிடும். மூன்று சேலைப் போர்வை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். தபாலில் அனுப்பினால் செலவு கூட. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சொந்தங்களிடம் முன்கூட்டியே சொல்லி, சூட்கேசில் அவ்வளவுக்கு இடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.